செயற்குழுவுக்கு ஆள் பிடிக்கும் கதை

முன்னாள் மாணவர் சங்கத்துக்கு ஆளே கிடைப்பதில்லை என்று யாராவது அலுத்துக்கொண்டால் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: எத்தனை பேரிடம் தனியாகப் போன் போட்டுக் கேட்டீர்கள்? பெரும்பாலும் பதில் வராது. வாட்ஸ்அப் குழுவில் "புதிய செயற்குழுவில் பணியாற்ற ஆர்வமுள்ளவர்கள் தொடர்பு கொள்ளவும்" என்று ஒரு செய்தி போட்டிருப்பார்கள். அதற்குக் கீழே வரிசையாகக் கும்பிடும் கையும் கட்டைவிரலும் விழுந்திருக்கும், நாலு பேர் "வாழ்த்துகள்" என்று எழுதியிருப்பார்கள் (யாருக்கு, எதற்கு என்று அவர்களுக்கே தெரியாது), அதற்குள் ஒருவர் யாருடைய பிறந்தநாளுக்கோ கேக் படம் போட, செய்தி மேலே ஏறிக் காணாமல் போய்விடும். அப்புறம் என்ன, பழைய ஆட்களே இன்னொரு மூன்று வருடம்.

நான் ஒரு மாவட்டத் தலைநகரில் இருக்கும் அரசு உதவி பெறும் கல்லூரியின் சங்கத்தில் இணைச்செயலாளராக இருந்து, பிறகு செயலாளராகவும் இருந்தவன். பெரிய பெயர் உள்ள கல்லூரி கிடையாது. அமெரிக்காவில் கம்பெனி நடத்தும் முன்னாள் மாணவர் யாரும் கோடியைத் தூக்கிக் கொடுக்கும் இடமும் கிடையாது. உதவித்தொகை, வருடாந்திரச் சந்திப்பு, வேலைவாய்ப்பு வழிகாட்டல், ஆய்வகத்துக்கு ஏதாவது வாங்கித் தருவது, இவ்வளவுதான் எங்கள் வேலை. இந்த அளவில் இருக்கும் சங்கங்களுக்குத்தான் நான் சொல்வது பொருந்தும்.

நம் ஊரில் பதவி என்றாலே மாலை, பொன்னாடை, அழைப்பிதழில் பெயர். அதனால் செயற்குழுப் பட்டியல் தயாரிக்க உட்கார்ந்தால் கை தானாக நீள்கிறது. தலைவர், செயல் தலைவர், நாலு துணைத்தலைவர், கௌரவ ஆலோசகர்கள், வட்டாரப் பொறுப்பாளர்கள் என்று முப்பது பெயர் சேர்ந்துவிடும். கூட்டத்துக்கு வருவது ஏழு பேர், வேலை செய்வது மூன்று பேர். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975 கேட்பதே குறைந்தது மூன்று பேர் கொண்ட செயற்குழுவைத்தான். பதவிக்காலம் மூன்று ஆண்டைத் தாண்டக் கூடாது, மறுபடி தேர்ந்தெடுக்கப்படலாம். மீதி எண்ணிக்கையெல்லாம் நம் துணைவிதியில் நாமே எழுதிக்கொண்டது. யாரையும் மனம் நோகச் செய்யக் கூடாது என்று சேர்த்த பெயர்கள்தான் பாதி. ஒன்பது பேருக்கு மேல் போனால் கோரம் (கூட்டம் செல்லுபடியாகத் தேவையான குறைந்தபட்ச வருகை) சேர்ப்பதே ஒரு தனி வேலையாகிவிடுகிறது என்பது என் கணக்கு.

ஆகவே பதவியைக் காட்டிக் கேட்காதீர்கள், வேலையைச் சொல்லிக் கேளுங்கள். பதவியைக் காட்டினால் அது தேவைப்படுகிறவர்கள் முதலில் வருவார்கள், அவர்களைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். வேலையைச் சொன்னால் வேலை தெரிந்தவர் காது கொடுப்பார்.

ஆளை எங்கே தேடுவது? மேடையில் நன்றாகப் பேசுகிறவரிடம் போகாதீர்கள். ஒவ்வொரு பேட்சும் 25 வருட ரீயூனியன் என்று ஒன்று நடத்துகிறது இல்லையா, அதில் பணம் வசூலித்தவர் யார் என்று விசாரியுங்கள். வசூலித்து, எக்செல்லில் கணக்குப் போட்டு, டீ ஷர்ட் அளவு கேட்டு எல்லோரிடமும் திட்டு வாங்கி, விழா முடிந்த மறுநாள் "மிச்சம் 1,340 ரூபாய் இருக்கு, என்ன செய்யலாம்?" என்று குழுவில் கேட்டிருப்பார் ஒருவர். அவர்தான் உங்கள் அடுத்த பொருளாளர். பொதுக்குழுவில் எழுந்து "போன வருடம் வைப்புத்தொகை வட்டி எங்கே காட்டியிருக்கிறீர்கள்?" என்று கேட்டு எல்லோரையும் கடுப்பேற்றுகிறவரையும் விடாதீர்கள். ஆண்டறிக்கையைப் படித்துவிட்டு வந்த ஒரே ஆள் அவராகத்தான் இருப்பார். கல்லூரி நாளில் என்.எஸ்.எஸ். முகாமில் சாப்பாட்டுப் பொறுப்பு ஏற்றவர்கள், விடுதி மெஸ் கமிட்டியில் இருந்தவர்கள், இவர்களுக்கும் இந்த வேலை கைவரும். முட்டைக் கணக்கில் தொடங்கியவர்கள் வங்கிக் கணக்கையும் ஒழுங்காகப் பார்ப்பார்கள்.

கேட்கும்போது வேலை என்ன, எந்த மாதங்களில், வாரத்துக்கு எவ்வளவு நேரம், எதுவரை, இதுவரை யார் செய்தார், யார் கூட இருப்பார் என்று எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள். "சும்மா பேர் மட்டும் இருக்கட்டும், வேலை ஒண்ணும் இருக்காது" என்று சொல்லிச் சேர்க்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பிறகு அந்த ஆள் வேலை செய்வதில்லை என்று அவர்களே குறை சொல்வார்கள். அவர் வாக்கைக் காப்பாற்றுகிறார், அவ்வளவுதானே!

எங்கள் உதவித்தொகை வேலைக்கு நான் ஒருவரைக் கேட்டது இப்படி. எனக்கு இருபது வருடம் இளையவர், வங்கியில் வேலை.

"தம்பி, ஜூலையில கல்லூரி திறந்ததும் உதவித்தொகை விண்ணப்பம் வரும். நூறுக்கு மேல வரும். அதை மூணு பேர் உட்கார்ந்து பிரிக்கணும், அப்புறம் சந்தேகம் உள்ளவங்க வீட்டுக்குப் போன் பண்ணணும். ஆகஸ்ட் பதினைஞ்சுக்குள்ள முடிஞ்சிடும். அதுக்கப்புறம் உங்களைத் தொந்தரவு பண்ண மாட்டேன்."

"பதவி எல்லாம் வேணாம்ணா. வேலை மட்டும் சொல்லுங்க."

இதை நம் ஆட்கள் அடக்கத்துக்குச் சொல்வதாக நினைத்து, "அப்படிச் சொல்லக் கூடாது தம்பி" என்று வற்புறுத்தித் துணைச்செயலாளர் ஆக்கிவிடுவார்கள். நான் அதை அப்படியே எடுத்துக்கொண்டேன். பதவி கொடுக்கவில்லை, விண்ணப்பக் கட்டை மட்டும் கொடுத்தேன். ஒரு பருவம் அவர் வேலையைப் பார்த்தோம், அவரும் எங்களைப் பார்த்தார். அடுத்த பொதுக்குழுவில் அவர் பெயரை முன்மொழிந்தபோது யாருக்கும் அறிமுகம் செய்ய வேண்டியிருக்கவில்லை. இப்போது எங்களுக்கு இது எழுதாத விதி மாதிரி ஆகிவிட்டது: ஒரு வேலையையாவது முடித்துக் கொடுத்தவர்தான் செயற்குழுவுக்கு வர முடியும், எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் சரி.

இன்னொன்று, நம்மில் யாரும் சீனியரிடம் முகத்துக்கு நேராக "முடியாது" என்று சொல்வதில்லை. "யோசிச்சுச் சொல்றேன் சார்" என்பார்கள், அது பெரும்பாலும் முடியாதுதான். "பாக்கலாம் சார்" என்றால் நிச்சயமாக முடியாது. "வீட்டுல கேட்டுச் சொல்றேன்" என்பது மட்டும் சில சமயம் உண்மை. இந்த மரியாதையைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு பெயரை அச்சடித்துவிட்டால் மூன்று வருடம் ஒரு நாற்காலி காலியாகவே இருக்கும். அதனால் சீனியர் கேட்காமல் அதே பேட்ச் நண்பரை விட்டுக் கேட்கச் சொல்வது நல்லது. மச்சானிடம் "ஆளை விடுடா" என்று சொல்வதில் யாருக்கும் கூச்சம் இல்லை. நீங்களே கேட்பதானால் வழி விட்டுக் கேளுங்கள்: "இந்த வருஷம் தோதுப்படலன்னா சொல்லிடுங்க, அடுத்த வருஷம் கேக்கறேன், சங்கடப்படாதீங்க."

பெண்கள். எங்கள் கல்லூரியில் படித்தவர்களில் பாதிக்கு மேல் பெண்கள், செயற்குழுவில் நீண்ட காலம் ஒரே ஒருவர், அவரும் துணைத்தலைவர். வரமாட்டேன் என்கிறார்கள் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். கூட்டம் எங்கே நடந்தது? இரவு ஏழரைக்கு மேல் ஒரு ஹோட்டல் மாடியில், சாப்பாட்டோடு, சிலருக்கு அதற்கு மேலும். முதலில் உறுப்பினர் பட்டியலே சரியில்லை. கல்யாணத்துக்குப் பிறகு இனிஷியல் மாறியிருக்கும், ஊர் மாறியிருக்கும், பட்டியலில் இருப்பதோ படித்தபோது கொடுத்த அப்பாவின் போன் நம்பர். பேட்ச் வாட்ஸ்அப் குழுக்களில் பெண்கள் பலர் இருக்கவே மாட்டார்கள், அவர்களுக்கென்று தனியாக ஒரு குழு வைத்திருப்பார்கள், அதில் யாராவது ஒருவர் எல்லாரையும் சேர்த்துப் பிடித்து வைத்திருப்பார். அந்த ஒருவரைக் கண்டுபிடித்தால் ஒரு பேட்சே கிடைத்த மாதிரி. கூட்டத்தை ஞாயிறு காலை கல்லூரி வளாகத்துக்கு மாற்றி, ஒன்றரை மணி நேரத்தில் முடியும் என்று சொல்லி, சொன்னபடி முடித்தோம். அதற்குப் பிறகு வந்தவர்கள் எல்லாம் காத்திருந்தவர்கள் மாதிரிதான் வந்தார்கள். ஒரு பள்ளித் தலைமையாசிரியை வந்து முதல் மாதமே உறுப்பினர் பதிவேட்டைக் கையில் எடுத்தார். நாங்கள் பத்து வருடம் "பண்ணணும் பண்ணணும்" என்று சொல்லிக்கொண்டிருந்த வேலை அது.

யாரைச் சேர்க்கக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். உறுப்பினர் பட்டியலும் போன் நம்பரும் வேண்டும் என்பதற்காக வருகிறவர்கள் உண்டு, இன்சூரன்ஸ், மனை விற்பனை, சிட்ஃபண்ட். உள்ளாட்சித் தேர்தல் நெருங்கும்போது திடீரென்று கல்லூரிப் பாசம் பொங்குகிறவர்கள் உண்டு. பெரிய தொகை கொடுத்தவர் பதவியையும் எதிர்பார்ப்பார். அவர் பெயரைக் கல்வெட்டில் போடுங்கள், விழாவில் முதல் வரிசையில் உட்கார வையுங்கள், செக் புத்தகத்தை மட்டும் கொடுக்காதீர்கள். பேசத் தயங்குகிற இன்னொரு விஷயமும் இருக்கிறது. ஒவ்வொருவரும் தனக்குத் தெரிந்தவரைச் சேர்த்தால், இரண்டு முறை மாறுவதற்குள் செயற்குழு முழுக்க ஒரே சாதிக்காரர்களாக ஆகிவிடும், யாரும் திட்டம் போட்டுச் செய்ய வேண்டியதே இல்லை. வெளியில் இருப்பவர்களுக்கு அது முதல் பார்வையிலேயே தெரியும், உள்ளே இருப்பவர்களுக்குத்தான் தெரியாது. பட்டியலை இறுதி செய்வதற்கு முன் பேட்ச், துறை, ஆண் பெண், விடுதியில் இருந்தவர், பஸ்ஸில் வந்து போனவர் என்று ஒரு முறை பார்த்துவிட்டு, சாதியையும் மனதுக்குள்ளாவது பார்த்துவிடுங்கள்.

கல்லூரி நிர்வாகத்தின் ஆர்வம் தனி ரகம். கல்லூரிகளைத் தரம் பார்க்கும் தேசிய அமைப்பான நாக்கின் மதிப்பீட்டில் முன்னாள் மாணவர் பங்களிப்புக்கு என்றே ஒரு பகுதி இருக்கிறது, பதிவு செய்யப்பட்ட சங்கம் இருக்கிறதா என்று கேட்பார்கள். அந்த மதிப்பீடு வரப்போகிறது என்றால் நமக்குப் போன் மேல் போன் வரும். அந்த அவசரத்தில், கல்லூரியிலேயே வேலை பார்க்கும் முன்னாள் மாணவர்களை வைத்துச் செயற்குழுவை நிரப்பிவிடுகிறார்கள். அவர்கள் நல்லவர்கள்தான், ஆனால் சம்பளம் கொடுக்கும் இடத்தைக் கூட்டத்தில் எதிர்த்துப் பேச அவர்களால் முடியுமா? ஒருவர் இருக்கலாம், கல்லூரிக்கும் நமக்கும் இடையில் சாவி வாங்கித் தர, அரங்கம் பிடித்துத் தர. அதற்கு மேல் வேண்டாம். அரசுப் பள்ளிகளுக்கு வேறு பாதை. 2022இல் வந்த 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' என்ற தமிழக அரசுத் திட்டத்தின் மூலமாகவே பணமும் பொருளும் கொடுக்கலாம், சங்கத்துக்கு அந்தச் சுமை குறைவு.

தேர்தலைப் பற்றி அதிகம் எழுத ஒன்றும் இல்லை. பெரும்பாலும் ஏகமனதாகத்தான் முடியும்.

உண்மையான வேலை மறுநாள்தான் தொடங்குகிறது. பொன்னாடை போர்த்திப் படம் எடுத்து முடிந்ததும் பழைய நிர்வாகிகள் நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடுவார்கள், புதியவர்களுக்கு எங்கே என்ன இருக்கிறது என்றே தெரியாது. செயற்குழுவில் யார் மாறினாலும் மாவட்டப் பதிவாளரிடம் படிவம் 7 தாக்கல் செய்ய வேண்டும், மூன்று மாதக் கெடு. இதைத் தள்ளிப்போட்டால் எல்லாம் தள்ளிப்போகும். ஏனென்றால் வங்கியில் கையெழுத்து அதிகாரம் மாற்றப் போனால் அவர்கள் பொதுக்குழுத் தீர்மான நகலோடு அந்தப் படிவத்தையும்தான் கேட்பார்கள், புதியவர்களின் ஆதார், பான், படம், எல்லோரும் நேரில் வர வேண்டும் என்பார்கள். பழைய பொருளாளரின் கையெழுத்து மூன்று வருடத்தில் மாறிப்போயிருக்கும். இந்த இடைவெளியில் பரிசளிப்பு விழா வந்தால் புதிய பொருளாளர் தன் சொந்தப் பணத்தைப் போட்டுவிட்டுப் பிறகு கேட்கக் கூச்சப்படுவார். அங்கேயே அவருடைய உற்சாகம் பாதி போய்விடும். அதனால் பொதுக்குழு நடக்கும் அன்றே, எல்லோரும் ஒரே இடத்தில் இருக்கும்போதே, தீர்மானத்திலும் படிவத்திலும் வங்கித் தாள்களிலும் கையெழுத்து வாங்கிவிடுங்கள். பந்தி அதற்குப் பிறகு.

கடவுச்சொற்கள் இன்னொரு தலைவலி. சங்கத்தின் ஜிமெயில் முன்னாள் செயலாளரின் சொந்த எண்ணோடு இணைந்திருக்கும், அவர் மஸ்கட்டில் இருப்பார், ஓடிபி அவருக்குப் போகும், அவர் அப்போது தூங்கிக்கொண்டிருப்பார். இணையதளத்தின் பெயரைப் புதுப்பிக்கும் அறிவிப்பு அந்த மெயிலுக்குத்தான் வரும். சங்கத்தின் பெயரில் ஒரு சிம் வாங்கி அலுவலகத்தில் ஒரு பழைய போனில் போட்டு வையுங்கள். மாதம் கொஞ்சம் ரீசார்ஜ் செலவு, அவ்வளவுதான்.

புதிதாக வருகிறவர் கையில் முதல் வாரமே கொடுக்க வேண்டியவை: பதிவுச் சான்றிதழ், துணைவிதி, பான், வருமான வரித்துறையின் 12ஏபி, 80ஜி ஆணைகள் (முன்னது சங்கத்துக்கு, பின்னது நன்கொடையாளருக்கு வரிச்சலுகை தருவது), கடைசி மூன்று வருட ஆடிட் அறிக்கை, மினிட்ஸ் புத்தகம், வைப்புத்தொகை ரசீதுகள். பொருளாளருக்கு மட்டும் கூடுதலாக ஒரு மாலைப்பொழுது ஒதுக்கி, ஆடிட்டர் அலுவலகத்துக்கே அழைத்துப் போங்கள். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கொடுத்தவருக்கு 80ஜி விலக்கு கிடைக்காது, நன்கொடையாளர் விவரத்தை வருமான வரி இணையதளத்தில் மே 31க்குள் ஏற்ற வேண்டும், இதெல்லாம் அவருக்கு முதல் நாளே தெரிய வேண்டும். வெளிநாட்டுப் பணம் இன்னும் கவனம். இந்தியப் பாஸ்போர்ட் வைத்துக்கொண்டு துபாயில் வேலை பார்ப்பவர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் பிரச்சினை இல்லை. அதே பேட்சில் படித்து, அதே விடுதியில் தூங்கி, இப்போது அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்டவர் அனுப்பினால், இந்திய வம்சாவளியினருக்குக் கொடுக்கும் ஓசிஐ அட்டை இருந்தாலும், சட்டத்தின் கண்ணில் அது வெளிநாட்டுப் பங்களிப்பு. எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு இல்லாத சங்கம் அதைத் தொடக் கூடாது. நண்பனிடம் "உன் பாஸ்போர்ட் எந்த நாடு?" என்று கேட்பது சங்கடம்தான், ஆனாலும் கேட்கத்தான் வேண்டும்.

வைப்புத்தொகை ரசீதுகளுக்குப் பின்னால் கதைகள் இருக்கும். அவற்றையும் சொல்லிக் கொடுக்க வேண்டும், ரசீதில் அது எழுதியிருக்காது. தொண்ணூறுகளில் ஒரு பேராசிரியர் நினைவாக 50,000 ரூபாய் போட்டு, வட்டியில் ஆண்டுதோறும் 5,000 ரூபாய் பரிசு என்று அறிவித்திருப்பார்கள். வட்டி 12 சதவீதம் இருந்தபோது 6,000 வந்தது, பரிசும் கொடுத்து மிச்சமும் இருந்தது. இன்று ஆறரை சதவீதம் என்றால் 3,250தான். மீதியைச் சங்கம் போடுகிறதா, குடும்பத்தாரிடம் கேட்பதா, பரிசைக் குறைப்பதா? அசலில் கை வைக்கக் கூடாது என்பது கொடுத்தவர் போட்ட நிபந்தனை. இது தெரியாத ஒரு புது உறுப்பினர் "இந்த எஃப்டியை உடைச்சு புரொஜெக்டர் வாங்கலாமே" என்று நல்லெண்ணத்தில்தான் சொல்வார், கூட்டத்தில் மூத்தவர்கள் அவர்மேல் பாய்வார்கள், அவர் அடுத்த கூட்டத்துக்கு வரமாட்டார்.

மூத்தவர்கள் பாய்வது பற்றி. 1978 பேட்ச் சாரும் 2015 பேட்ச் பெண்ணும் ஒரே மேசையில் உட்கார்ந்தால் யார் பேசுவார், யார் தலையாட்டுவார் என்று சொல்லத் தேவையில்லை. எங்கள் தலைவர் ஒருவர் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார். எந்தப் பொருளானாலும் வயதில் இளையவரிடமிருந்துதான் கருத்துக் கேட்கத் தொடங்குவார், தன் கருத்தைக் கடைசியில்தான் சொல்வார். பெரியவர் பேசி முடித்த பிறகு சின்னவரிடம் "நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்றால் "சார் சொன்னதுதான்" என்பதைத் தவிர வேறு என்ன வரும்? அதோடு, புதியவர் வந்த முதல் கூட்டத்திலேயே ஏதாவது ஒரு சின்ன விஷயத்தை அவர் பெயரில் நிகழ்ச்சி நிரலில் போட்டுவிடுவோம், உறுப்பினர் பதிவேட்டில் எத்தனை நம்பர் உயிரோடு இருக்கிறது என்பது மாதிரி. வெறுமனே உட்கார்ந்துவிட்டுப் போனவர்கள் இரண்டாவது கூட்டத்துக்கு வருவது அபூர்வம். முடிவுகளை வாட்ஸ்அப்பில் கட்டைவிரல் எண்ணி எடுப்பதையும் நிறுத்திவிட்டோம். பேசலாம், ஆனால் முடிவு மினிட்ஸ் புத்தகத்தில் ஏறும்வரை அது முடிவு இல்லை.

பழையவர்களை என்ன செய்வது என்றும் கேட்பார்கள். பொருளாளரை மட்டும் ஒரு நிதியாண்டு முடியும்வரை பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பதவி இல்லாமல், போனை எடுப்பவராக. தலைவரை உடனே விட்டுவிடுங்கள். முன்னாள் தலைவர் கூட்டத்துக்கு வந்து உட்கார்ந்தால் எல்லோரும் அவர் முகத்தைத்தான் பார்ப்பார்கள்.

சேர்ந்தவர்கள் பாதியில் போகத்தான் செய்வார்கள், இடமாற்றம் வரும், அப்பா அம்மாவுக்கு உடம்பு சரியில்லாமல் போகும். ஆறு மாதம் கழித்து நாமே கூப்பிட்டுக் கேட்டுவிடுவது நல்லது: "முடியுதா, இல்ல வேற யாரையாவது பாக்கட்டுமா?" முடியவில்லை என்றால் ஒரு ராஜினாமாக் கடிதம், இன்னொரு படிவம் 7, அவ்வளவுதான், பகை வேண்டாம். வீட்டில் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளை இருக்கிறது என்று யாராவது சொன்னால் அந்த வருடம் அவரைக் கேட்கவே கேட்காதீர்கள். மார்ச்சில் பரீட்சை முடியும், ஏப்ரலில் போன் போடலாம். இல்லை, அதற்குப் பிறகு நீட் இருக்கிறது, ரிசல்ட் இருக்கிறது, கவுன்சிலிங் இருக்கிறது. சரி, செப்டம்பரில் போடுங்கள்.